நாலரை மணிக்கு மேல் பையன் எங்கே?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பறையைக் கழுவிவிட பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போடுவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் ஓரத்துப் பள்ளி எங்களுடையது. ஒரு வருஷம் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சைப் புரட்டியபோது அடியில் வரிசையாக வெள்ளை வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. சூயிங்கம் என்று நினைத்து ஸ்கேலால் சுரண்டினேன். நகத்தளவு துணிப்பை, உள்ளே புகையிலைத் தூள். பிள்ளைகள் 'கூல் லிப்' என்பார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை வராது, துப்பவும் வேண்டாம், கரும்பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கலாம். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

முந்தைய ஜூன் 26, போதைப் பொருள் எதிர்ப்பு நாளன்று ஊர்வலத்தில் பதாகை பிடித்தவர்களும் அதே வகுப்புப் பிள்ளைகள்தான். ஊர்வலத்தில் ஒரு குறையும் இல்லை. பதாகையில் எழுத்துப்பிழைகூட இல்லை.

மாணவர்களிடையே போதையையும் அடிதடியையும் 'தடுப்பது' என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதைச் செய்தால் அது நடக்கிறது, எதைச் செய்தால் நடப்பதில்லை என்று இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோர், இளம் ஆசிரியர்கள், மன்றம் நடத்தும் தம்பிமார்கள் எல்லோருக்கும் ஆகும்.

கலப்பத்து

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். மரப்படகு என்றால் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். நடுக்கடலில் தண்ணீர் புகுந்த பிறகு வாளியால் இறைப்பது வேறு வேலை. போலீஸ், மறுவாழ்வு மையம், ஆஸ்பத்திரி எல்லாம் இறைக்கிற வேலை. அது இல்லாமல் முடியாது. தடுப்பு என்பது கரையில் நடக்கிற வேலை.

அந்த வேலையிலும் மூன்று விதம் உண்டு. எல்லாப் படகுக்கும் செய்வது ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் கோபத்தைக் கையாளவும், 'வேண்டாம்' என்று சொல்லவும், முடிவெடுக்கவும் பழக்குவது. பழைய படகுக்கு மட்டும் கூடுதலாகச் செய்வது இன்னொன்று: வீட்டில் குடி இருக்கிற பிள்ளை, அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற பிள்ளை, பள்ளிக்கு வாரம் மூன்று நாள் மட்டுமே வருகிற பிள்ளை. மூன்றாவது, ஏற்கெனவே கசியத் தொடங்கிய படகு: ருசி பார்த்துவிட்டவன், ஒரு சண்டையில் கை நீட்டிவிட்டவன். மூவருக்கும் ஒரே மருந்து என்று நினைத்து, மூவரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து, ஒரே சொற்பொழிவைக் கேட்க வைப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு.

இரண்டும் ஏன் ஒரே கட்டுரையில்?

போதைக்கு ஒரு கூட்டம், ராகிங்குக்கு ஒரு கூட்டம், சாதிச் சண்டைக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாகப் போடுகிறோம். வேர் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 9,500க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்ட ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. அடி வாங்கியது, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர் இருந்தது, வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போனது போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, பிற்காலத்தில் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை வரும் வாய்ப்பு நாலு முதல் பன்னிரண்டு மடங்குவரை கூடியிருந்தது. அப்படி வளர்ந்த எல்லாருமே கெட்டுப்போகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கெட்டுப்போனவர்களைப் பின்னோக்கித் தேடினால் வழியில் இந்த வீடுகள் அடிக்கடி வருகின்றன என்று அர்த்தம்.

இப்படிச் சறுக்கலைக் கூட்டுகிறவற்றை 'ஆபத்துக் காரணி' என்றும், குறைக்கிறவற்றைக் 'காப்புக் காரணி' என்றும் சொல்வார்கள். தடுப்பு வேலை முழுவதும் முதலாவதைக் கழிப்பதும் இரண்டாவதைக் கூட்டுவதும்தான். காப்புக் காரணிகளில் பெரியவை எவை என்று பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும், அவ்வளவு சாதாரணமானவை: பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர், பள்ளியோடு ஒட்டுதல், 'எங்கே, யாரோடு' என்று கேட்கிற வீடு.

வயசும் ஒரு காரணம். ஆசையையும் பரபரப்பையும் உண்டாக்கும் மூளைப் பகுதி பதிமூன்று பதினாலிலேயே சூடு பிடித்துவிடுகிறது. 'நில், யோசி' என்று பிடித்து நிறுத்துகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர இருபதுகளின் நடு ஆகிவிடும். இன்ஜினை மாட்டிவிட்டார்கள், சுக்கான் இன்னும் பட்டறையில் இருக்கிறது. 2005இல் ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு, ஆள் தனியாக ஆடும்போது ஒரு கணக்கு, கூட்டாளிகள் பக்கத்தில் நிற்கும்போது ஒரு கணக்கு. பெரியவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. விடலைப் பிள்ளைகள் கூட்டாளி நின்றால் துணிந்து துணிந்து மோதினார்கள். 'நம்ம புள்ள தங்கம் சார், சேர்க்கைதான் சரியில்ல' என்று அம்மாமார் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கூட வந்த பிள்ளையின் அம்மாவும் அதையேதான் சொல்வார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயமுறுத்தினால் அடங்குவார்களா?

பயமுறுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 1983இல் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து போதையின் கேடுகளைப் பாடமாக நடத்தும் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்கப் பரவியது, டி-ஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் போட்டார்கள். பலமுறை ஆய்ந்து பார்த்ததில், அதைப் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நியூ ஜெர்சியில் 1970களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சேட்டைக்காரப் பிள்ளைகளை ஜெயிலுக்கே கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டுக் கத்த வைத்தார்கள். அந்த மாதிரித் திட்டங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

அழுகிய நுரையீரல் படத்தைத் திரையில் போட்டால் ஹாலில் 'அய்யே' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு நாம் திருப்தியோடு வீட்டுக்குப் போவோம். அந்தச் சத்தத்துக்கும் பழக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கு முப்பத்தொரு துணிப்பையால் தெரிந்தது.

வேலை செய்தது எது? பால்டிமோர் நகரத்தில் 1980களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டை ஆடிப் பார்த்தார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும், குழுவில் சேட்டைக்காரனும் சாதுவும் கலந்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் கணக்குப் போடும் நேரம். இடத்தை விட்டு எழுந்தால், அடித்தால், கத்தினால் அந்தக் குழுவுக்கு ஒரு புள்ளி. நாலு புள்ளிக்குள் முடித்த குழுவெல்லாம் ஜெயித்த குழு. ஒரே ஒரு குழுதான் ஜெயிக்கணும் என்பதில்லை. பிறகு நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது. போதை என்ற பேச்சே இதில் கிடையாது. அந்தப் பிள்ளைகளைப் பத்தொன்பது, இருபது, இருபத்தோரு வயதில் தேடிப் பிடித்துப் பார்த்தால், ஒன்றாம் வகுப்பில் ரொம்ப முரடாக இருந்த ஆண்பிள்ளைகளில் போதைக் கோளாறு, இந்த விளையாட்டு ஆடாத வகுப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆறு வயதில் பத்து நிமிஷம் கையைக் கட்டி உட்காரப் பழகியது இருபது வயதில் பேசுகிறது. நம் தொடக்கப் பள்ளி டீச்சர்கள் பலர் பேர் தெரியாமலேயே இதை ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தும் நம்ம ஊரும்

மீனை நம்பிப் பிழைக்கிற இன்னொரு தேசம் ஐஸ்லாந்து. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினம் சிகரெட் பிடித்தவர்கள் 23இலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினார்கள். என்ன செய்தார்கள்? வருஷா வருஷம் பிள்ளைகளிடம் பெயர் எழுதாமல் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். பெற்றோர் கூடி, 'எங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது' என்று ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். பதிமூன்று முதல் பதினாறு வயதுவரை குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே நிற்கக் கூடாது என்பது சட்டமாயிற்று. விளையாட்டு, பாட்டு, நடன வகுப்புகளுக்குப் பிள்ளை பெயரில் நகராட்சியே பணம் கட்டியது. சுருக்கமாக, ஆள் இல்லாத நேரத்தை ஆள் உள்ள நேரமாக மாற்றினார்கள்.

இதை அப்படியே தூக்கி வந்து தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ வைக்க முடியாது. ஆனால் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: நம் பையன் நாலரை மணிக்கு மேல் எங்கே?

கரையில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. படகு போகிற நாளில் அப்பா ஒரு பகலும் ஒரு இரவும் கடலில். அம்மா பாசி எடுக்கவோ ஏலக்கூடத்துக்கோ கருவாட்டுக் களத்துக்கோ விடியலில் கிளம்பிவிடுவார். பையன் பெரியவனானால் அவனையே ஒரு நாள் ஆள் குறைகிற படகில் ஏற்றிவிடுவார்கள். திரும்பும்போது கையில் ஐநூறு ரூபாய். டவுன் பையனுக்குக் காசு அப்பாவிடமிருந்து வர வேண்டும். நம் பையனுக்குப் பதினைந்து வயதிலேயே சொந்தக் காசு. படகில் கூட இருப்பவர்கள் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். குளிருக்கு, உடம்பு வலிக்கு, தூக்கத்தை விரட்ட என்று அவர்களிடம் ஆளுக்கொரு காரணம் இருக்கும். 'புடிடா, ஆம்பளதானே' என்ற ஒரு சொல் போதும்.

தடைக்காலம் இரண்டு பக்கமும் வெட்டும். சில வீடுகளில் அப்பா அறுபது நாள் கூடவே இருப்பதால் பிள்ளை அடங்கி இருப்பான். சில வீடுகளில் வேலையில்லாத அப்பா, கடன், குடி, சத்தம் என்று அந்த அறுபது நாள்தான் நரகம்.

விளையாட்டு மன்றம் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. மணலில் வாலிபால் நெட் கட்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது, நெட்டை அவிழ்க்கிற வரை பெரியவர் ஒருவர் நிற்கிறாரா என்பதுதான் விஷயம். கோப்பை ஜெயித்த ராத்திரியில் முதல் பாட்டில் திறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஜமாஅத் இருக்கிறது, பங்குப் பேரவை இருக்கிறது, ஊர்க்கூட்டம், சங்கம் இருக்கிறது. எந்த நாளில் கடலுக்குப் போகணும் என்று முடிவெடுத்து ஊரையே கட்டுப்படுத்துகிற சபைகள் இவை. 'பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவனைப் படகில் ஏத்தக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல படகுத்துறையில நிக்க விடக் கூடாது' என்று ஒரு தீர்மானம் போட இவர்களுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

சண்டை எங்கே பிறக்கிறது?

பெரும்பாலான சண்டை பள்ளியில் பிறப்பதில்லை. முந்தைய ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிறந்து, காலை பஸ் படிக்கட்டில் வளர்ந்து, இன்டர்வெலில் வெடிக்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறம், நெற்றிப் பொட்டு, ரீல்ஸில் ஒரு பாட்டு, ஒரு பெண்பிள்ளையின் பேர், 'கெத்து'. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டியபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. கயிற்றை அறுப்பது சுலபம். அதைக் கட்டிவிட்டது யார் என்று கேட்டால் பேச்சு ஊர் மந்தைக்குப் போய்விடும். அங்கே பேச நமக்குத் தயக்கம்.

சண்டையைத் தடுக்க எல்லாரும் அடிக்கிற இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம். சுற்றி நிற்கிற இருபது பேர்தான் சண்டையை ஓட்டுகிறவர்கள். 'விடாதடா' என்பவன், போனைத் தூக்கிப் பிடிப்பவன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சில விஷயங்கள் உண்டு: நடுவில் பாயாதே, இருவரில் உனக்குத் தெரிந்தவனின் தோளைப் பிடித்து 'வா, டீ குடிப்போம்' என்று நகர்த்து, ஒருத்தனை ஓடிப்போய் சாரைக் கூப்பிடச் சொல், வீடியோ வந்தால் உன்னோடு நிறுத்து. ஆள் குறைந்தால் கெத்துக்கு வேலை இல்லை.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

பள்ளிக்கு 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழானவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது: 2003ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவருக்குப் போதைப் பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கும், சிறுவரை விட்டுப் போதைப் பொருள் கடத்துபவருக்கும் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம்.

நம் கரைக்கு இதில் கடைசிச் சங்கதிதான் முக்கியம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். அந்த முப்பது கிலோமீட்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள் பையன்களைத் தேடி வருகிறார்கள். 'இந்த மூட்டையைப் பைக்ல அந்தத் தோப்பு வரைக்கும் போட்டுரு, ரெண்டாயிரம்.' மூட்டையில் கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 1985 போதைப் பொருள் சட்டத்தில் அது வணிக அளவு. 18 முடிந்தவனுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. மூட்டையில் எத்தனை கிலோ இருந்தது என்று பைக் ஓட்டியவனுக்குத் தெரிந்திருக்காது. பன்னிரண்டாம் வகுப்புக்கு நுரையீரல் படத்தைக் காட்டும் நேரத்தில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்னொரு பக்கம், அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பழக்கத்துக்கு ஆட்பட்டவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடுப்பதிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. 'ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸுக்குச் சொல்லிருவாக' என்ற பயத்தில்தான் பல வீடுகள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் மறைத்து வைக்கின்றன.

மறைத்து வைத்துச் செய்கிற வைத்தியமும் ஆபத்து. சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியை நம்பாதீர்கள். பல மாதமாகத் தினமும் அளவில்லாமல் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்; டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சங்கிலியைப் பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போங்கள், தாராளமாக. மருந்துச் சீட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கூப்பிட வேண்டிய எண்கள்: குழந்தைகள் என்றால் 1098. மனசு சரியில்லை என்றால் 14416. பழக்கத்திலிருந்து மீள வழி கேட்க 14446. விற்கிறவர்களைப் பற்றிச் சொல்ல 1933.

மாட்டிக்கொண்ட ஒருவன்

பெஞ்சைப் புரட்டியதற்கு அடுத்த ஜூலையில் ஒருவன் கையும் களவுமாக மாட்டினான். ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றது ஒன்று. அப்பாவைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்தச் சொல்லலாம் என்றது இன்னொன்று. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுத்துவிட்டது என்பது ஒரு பக்கம். அடி, ஏற்கெனவே அடிபட்டு வளர்ந்தவனுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. டி.சி.யோ அவனிடம் மிச்சமிருந்த ஒரே காப்புக் காரணியான பள்ளியையும் பிடுங்கி, முழுநேரமும் படகுத்துறைக்கு அனுப்பிவைக்கும்.

அன்றைக்கே கேட்கவில்லை. மாட்டிய நிமிஷத்தில் பிள்ளை பொய்தான் சொல்வான், நாமும் கத்தத்தான் செய்வோம். மறுநாள் மதியம் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் தலை குனியும். எப்போது, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறக்கும்.

"நைட்டு போட்ல போனா தூக்கம் வரும் சார். கிளாஸ்லயும் வரும். இத வச்சா வராது."

"எத்தனை நாளா?"

"ஜூன்ல போட்டு அவுத்ததுல இருந்து."

சாயங்காலம் அம்மா வந்தார், பாசிக்குப் போய்வந்த ஈரச் சேலையோடு. அழவில்லை. "தடைக்காலத்துல அவுக வீட்டுல இருந்தாக, இவனும் ஒழுங்கா இருந்தான் சார். இப்ப அவுக கடலுக்குப் போயிட்டாகன்னா நான் ஒருத்தி. வெள்ளன மூணு மணிக்கு எந்திரிக்கணும், எட்டு மணிக்கே கண்ணு சொக்கிரும். அதுக்கு மேல அவன் எங்க போறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆய்வாளர்கள் பத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். யார் இருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் யோசித்தோம். அவருடைய அண்ணன், பையனுக்குத் தாய்மாமன், வலைக் கொட்டகை வைத்திருக்கிறார், ஒன்பது மணிவரை விளக்கு எரியும். அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யலாம், கிழிந்த வலையைச் சீர்பார்க்க மாமனுக்குக் கை கொடுக்கலாம், அதற்கு அவர் ஏதாவது காசும் கொடுக்கலாம். இனி பையனைப் படகில் ஏற்ற வேண்டாம் என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் நானே போய்ச் சொன்னேன், முறைத்தார், ஒத்துக்கொண்டார். மாமனிடம் ஸ்மார்ட்போன் இல்லை, மெசேஜ் அனுப்பவும் தெரியாது. அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு மிஸ்டு கால். பையன் கொட்டகையில் இருந்தால் ஒன்று. இல்லையென்றால் இரண்டு.

முதல் மாதம் பதினொரு நாள் இரண்டு வந்தது. அடுத்த மாதம் நாலு.